பெர்க்கம்ஸ்டெட்டிலிருந்து கோமதிக்கு

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லோரும் சுகம். மழை, குளிர் பற்றி எழுதப் போவதில்லை. வானிலை அறிக்கை வேண்டாம் என்று நீ போன தடவையே சொல்லிவிட்டாய். பெரியவன் கல்லூரிக்குப் போய்விட்டான், சின்னவள் எங்கள் இருவரையும் மேய்க்கிறாள். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வடிவு சொன்னாள். நிம்மதி.

வடிவு இன்னொன்றும் சொன்னாள். அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கிடை ஆடுகளுக்கு உண்ணி மருந்து அடித்த அன்று ராத்திரி உனக்கு விரல் நுனியும் கன்னமும் எரிந்து, மறுநாள் வரை மரத்துக் கிடந்ததாமே? நீ அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாயாம், அவளும் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லையடி. கையுறை போட்டிருந்தாயா என்று கேட்க மாட்டேன், பதில் தெரியும். கெமிஸ்ட்ரி லேபில் பாண்டியன் சார் உன் கையைப் பார்த்துக் கத்தின நாளிலிருந்து எனக்கு அந்தக் கையைத் தெரியும்.

ஏன் இப்படிப் பதறுகிறாய் என்று கேட்பாய். நான் இப்போது குடியிருக்கிற ஊர் அப்படிப்பட்ட ஊர். லண்டனுக்கு வடமேற்கே, ஒரு கால்வாய், ஒரு ரயில் பாதை, இடிந்த கோட்டை ஒன்று, அவ்வளவுதான் பெர்க்கம்ஸ்டெட். வந்த புதிதில் எனக்கு ஒன்றும் தெரியாது. உலகத்தில் முதன்முதலாக நன்றாக விற்பனையான ஆட்டுக் குளியல் மருந்து இந்த ஊரில்தான் பிறந்தது என்று தெரிந்ததும் உன் ஞாபகம் வந்தது. அதிலிருந்து, நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையைச் சாத்திவிட்டு வந்து ராத்திரியெல்லாம் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். இவர் கேலி செய்கிறார். செய்யட்டும்.

வில்லியம் கூப்பர் என்று ஒரு கால்நடை வைத்தியர். 1840களில் இந்த ஊருக்கு வந்தார். அப்போது இங்கிலாந்துச் செம்மறிகளைச் சொறி வாட்டிக்கொண்டிருந்தது. எந்தச் சொறி என்று கால்நடை வைத்தியம் படித்த உனக்கு நான் சொல்ல வேண்டாம், சோராப்டிஸ் சிற்றுண்ணிதான். தோல் மேலேயே குடியிருந்து, கசிகிற நீரை உறிஞ்சி, ஆடு உரசி உரசி ரோமமெல்லாம் கொத்துக் கொத்தாய் உதிர்ந்து போகும். கம்பளியை நம்பிப் பிழைக்கிற ஊர்களில் அது எவ்வளவு பெரிய அடி என்று நினைத்துப் பார். அதுவரை அவர்கள் கையில் இருந்த வைத்தியம் தாரும் வெண்ணெயும் குழைத்து, ரோமத்தை வகிடு எடுத்துப் பிரித்து, தோலில் கோடு கோடாகப் பூசுவது. ஒவ்வோர் ஆட்டையும் மடியில் போட்டுக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். பாதரசக் களிம்பு பூசினார்கள், புகையிலையைக் காய்ச்சி ஊற்றினார்கள். சிலர் ஆர்சனிக் என்ற விஷத்தை வீட்டிலேயே கொதிக்க வைத்து ஆட்டை முக்கினார்கள். அளவு தப்பினால் மந்தையே சரிந்துவிடும்.

கூப்பர் செய்தது என்னவென்றால் அந்த அளவை ஒரு பொட்டலத்துக்குள் அடைத்தது. ஆர்சனிக், கந்தகம், சோடா உப்பு. ஆர்சனிக் தனியாகத் தண்ணீரில் லேசில் கரையாது, சோடாவோடு சேர்ந்தால் கரையும். அது உண்ணியைக் கொல்லும், கந்தகம் ரோமத்தில் தங்கிக் கொஞ்ச நாள் காவல் காக்கும். விவசாயி பொட்டலத்தைப் பிரித்து, சொன்ன அளவு தண்ணீரில் கலந்து, தொட்டியில் ஆட்டைத் தலைவரை ஒருமுறை முக்கி எடுத்தால் போதும். முட்டையை அது கொல்லாது என்பதால் இரண்டு வாரத்துக்குள் இன்னொரு குளியல் வேண்டும், அவ்வளவுதான். 1852இல் விற்க ஆரம்பித்தார். கால்வாயும் ரயிலும் வாசலிலேயே இருந்ததால் பொட்டலங்கள் லண்டனுக்குப் போய், அங்கிருந்து ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, தென் அமெரிக்கா வரை கப்பலேறின. இவ்வளவு சின்ன ஊரிலிருந்து கிளம்பிய மஞ்சள் தூள் உலகத்தின் மந்தைகளையெல்லாம் தொட்டுவிட்டு வந்திருக்கிறது என்று நினைக்க எனக்குப் பெருமையாகக்கூட இருக்கிறது, நான் இந்த ஊர்க்காரி இல்லாவிட்டாலும்.

சரி, இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். அதே காலத்தில் தாமஸ் பீச்சம் என்று இன்னொருவர். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பிறந்தவர், எட்டு வயதில் ஆடு மேய்க்கப் போனவர். சீக்காளி ஆடுகளுக்குப் பச்சிலை கொடுத்துக் கொடுத்தே மருந்து செய்யப் பழகினார். பிறகு மனிதர்களுக்கு மாத்திரை உருட்டிச் சந்தை சந்தையாக விற்றார். 1847இல் விகன் நகரில் கடை, அப்புறம் செயின்ட் ஹெலன்ஸில் தொழிற்சாலை. ஒரு பெட்டி ஒரு கினி, அதாவது இருபத்தோரு ஷில்லிங், பெறும் என்பதுதான் விளம்பரம். பித்தம், தலைவலி, கிறுகிறுப்பு, நரம்புத் தளர்ச்சி, பசியின்மை, பெண்களுக்கு வருகிற எல்லாம், ஒன்று விடாமல் அந்த ஒரே மாத்திரை தீர்க்கும் என்று பத்திரிகை முழுக்க அச்சிட்டார்கள். 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதைப் பிரித்துச் சோதித்துப் பார்த்தது. கரியபோளம் (உலர்த்திய கற்றாழைச் சாறு), இஞ்சி, சோப்பு. அதாவது பேதி மாத்திரை. ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னிக்கு விற்ற பெட்டியில் இருந்த சரக்கின் விலை அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. விற்ற விலையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மாத்திரை 1998 வரை விற்பனையில் இருந்தது, கோமதி!

மருந்துக்கடையில் நிற்கிறவளாக எனக்கு இது உறுத்துகிறது. இருவரும் ஆட்டிடம்தான் பாடம் படித்தார்கள். கூப்பரின் பொட்டலம் சொன்னதைச் செய்தது. பீச்சமின் மாத்திரை வயிற்றைக் கழுவியது, மற்றதெல்லாம் வாய்ச்சொல். ஏன் இந்த வித்தியாசம் என்று யோசித்து யோசித்து எனக்குத் தோன்றிய பதில் இதுதான்: ஆடு விளம்பரம் படிக்காது. பெட்டியில் ராஜமுத்திரை இருப்பதால் அதற்கு அரிப்புக் குறைந்த மாதிரி தோன்றாது. குளிப்பாட்டிய பிறகும் சொறி இருந்தால் வெட்டவெளியில் எல்லோருக்கும் தெரியும், ரோமத்தை எடை போட்டால் தெரியும், அடுத்த வருடம் அந்த ஆள் அந்தப் பொட்டலத்தை வாங்க மாட்டார். மனிதனுக்குத் தலைவலி வந்தால் அது தானாகவே போகும், பெயர் மாத்திரைக்குப் போகும். அந்த நூற்றாண்டில் மனிதரைவிட ஆட்டுக்குத்தான் நேர்மையான மருந்து கிடைத்தது என்று நான் அடித்துச் சொல்வேன். நீ மறுப்பாய், குதிரைத் தரகர்கள் செய்த அக்கிரமத்தையெல்லாம் எடுத்துப் போடுவாய். ஆர்சனிக் தின்னக் கொடுத்துக் குதிரைத் தோலைப் பளபளக்க வைத்தவர்கள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அது மருந்து விற்றவன் செய்த மோசடி அல்ல, குதிரை விற்றவன் செய்தது.

ஸ்லவ் என்ற ஊரில் ஜேம்ஸ் எலிமன் செய்தது இன்னும் வேடிக்கை. 1847இல் அவர் ஒரு தைலம் போட்டார், முட்டை, டர்பன்டைன், வினிகர் கலந்தது. பின்னாளில் அது இரண்டு பெயரில் விற்றது, விலங்குகளுக்கு ராயல், மனிதர்களுக்கு யூனிவர்சல். தேய்ப்பதுதான் பாதி வைத்தியம் என்று நம் ஆச்சி சொல்வதை அவர்களும் கண்டுபிடித்திருந்தார்கள் போல. அமெரிக்காவிலும் மனிதனுக்கும் மிருகத்துக்கும் என்று ஒரே சீசாவில் எழுதி விற்ற தைலங்கள் ஏராளம். நம் அப்பா தோள்பட்டைக்குத் தேய்த்துக்கொள்வாரே, ஸ்லோன்ஸ், அதுகூட ஆரம்பத்தில் குதிரைக்குப் போட்டதுதான். அப்பாவிடம் சொல்லாதே.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது, அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மான்செஸ்டரில் அலெக்சாண்டர் மக்டூகல் என்பவரும் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளரும் 1854இல் கார்பாலிக் அமிலம் கலந்த கிருமிநாசினித் தூளுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். கார்லைல் நகரத்தின் சாக்கடை நீரில் கார்பாலிக் அமிலத்தைக் கலந்து, அந்தத் தண்ணீரை மேய்ச்சல் நிலத்தில் பாய்ச்சினார்கள். நாற்றம் போனது. கூடவே, அந்தப் புல்லை மேய்ந்த மாடுகளின் குடற்புழுத் தொல்லையும் போய்விட்டது என்று செய்தி வந்தது. அந்தச் செய்தியை 1864இல் கேள்விப்பட்டவர்தான் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை வைத்தியர். மாட்டுப் புழுவைக் கொல்வது புண்ணில் சீழ் பிடிக்க வைப்பதையும் கொல்லாதா என்று யோசித்தார். 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில், வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த பதினோரு வயதுப் பையனின் காலில் அந்த அமிலத்தில் நனைத்த கட்டுப் போட்டார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காலை வெட்டி எடுப்பதுதான் வழக்கம். பையன் காலோடு நடந்து வீட்டுக்குப் போனான். மேய்ச்சல் நிலத்தில் புழு செத்த செய்தி ஆபரேஷன் அறைக்குள் போன வழி இது. நீ குடற்புழு நீக்க முகாம் போடும்போது யாராவது அலட்சியமாகப் பேசினால் இதைச் சொல்.

அந்த மக்டூகல் குடும்பம்தான் பிறகு ஆட்டுக் குளியல் மருந்தும் விற்றது, தானே உப்புகிற கேக் மாவும் விற்றது. மாவு இன்றும் இங்கே கடையில் கிடைக்கிறது. 1925இல் கூப்பர் கம்பெனியோடு மருந்துத் தொழிலில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள்.

நம் பாக்கும் இந்தக் கதையில் உண்டு. பாக்குத் தூளை அந்தக் காலத்து ஆங்கிலேய வைத்தியர்கள் நாய்க்கு நாடாப்புழு மருந்தாகக் கொடுத்தார்கள். 1888இல் ஜெர்மனியில் யான்ஸ் என்பவர் அதிலிருந்து அதன் வீரியச் சத்தான அரிகோலினைப் பிரித்தெடுத்தார். 20ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்தில் ஊர் ஊராக நாய்களைக் கூட்டி வைத்து அந்த அரிகோலினைக் கொடுத்துப் பேதியாக வைத்தார்கள், ஆட்டு ஈரலில் கட்டி வைக்கிற அந்த நாடாப்புழுவை ஒழிக்க. உன் பாடப் புத்தகத்தில் இருந்திருக்கும். எனக்குப் புதுசு.

அப்புறம், நான் கூப்பரை இவ்வளவு மெச்சினேன் இல்லையா. அந்தப் பொட்டலத்தின் கணக்கு இன்னும் முடியவில்லை. ஆர்சனிக் அழுகாது, ஆவியாகாது. தொட்டியைக் காலி செய்து பக்கத்து மண்ணில் ஊற்றியதெல்லாம் அங்கேயே கிடக்கிறது. நியூசிலாந்தில் மட்டும் அப்படிப்பட்ட பழைய தொட்டி இடங்கள் 50,000 வரை இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் மேல் வீடு கட்டுகிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஆட்டை முக்கிய ஆள் முழங்கை வரை நனைந்துதான் முக்கியிருப்பான். ஆர்சனிக் பழகிய உடம்பில் உள்ளங்கை தடித்துப் போகும், விரல் நுனியும் பாதமும் மரத்துப் போகும். ஆட்டுக்கு நேர்மையாக இருந்த மருந்து, முக்கினவனைப் பற்றி யோசிக்கவில்லை. அவன் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

நூறு வருடம் கழித்தும் அதே கதை. பிரிட்டனில் சொறியை 1952இல் ஒழித்தார்கள், 1973இல் அது திரும்ப வந்தது. சட்டம் போட்டு எல்லா ஆட்டையும் குளிப்பாட்டச் சொன்னார்கள், பெரும்பாலும் ஆர்கனோபாஸ்பேட் என்ற, நரம்பைத் தாக்கும் பூச்சிக்கொல்லி வகையில். 1992இல் அந்தக் கட்டாயம் நின்றது. அதற்குள் எத்தனையோ பண்ணையாளர்கள் களைப்பு, மறதி, நரம்புக் கோளாறு என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். தங்களை நம்ப வைக்கவே அவர்கள் வருடக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது. என் கடைக்கு வருகிற ஒரு பெரியவர் அந்தக் காலத்தில் ஆடு வைத்திருந்தவர். சட்டைப் பொத்தானைப் போட அவருக்கு நேரமாகிறது. காரணம் இதுதான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவரைப் பார்த்துவிட்டு வந்த வாரத்தில்தான் வடிவு உன் விரலைப் பற்றிச் சொன்னாள். இப்போது புரிகிறதா?

நீ அடித்தது டெல்டாமெத்ரின் என்ற உண்ணிக்கொல்லி வகையாகத்தான் இருக்கும். அப்படியானால் அந்த எரிச்சல் ஒரு நாளில் அடங்கும், வைட்டமின் ஈ எண்ணெய் தடவினால் குறையும், வியர்த்தால் கூடும். அது ஆர்கனோபாஸ்பேட்டாக இருந்தால் விஷயம் வேறு. புட்டியைப் பார்த்து உள்ளே என்ன என்று எனக்குப் படம் எடுத்து அனுப்பு. கையுறை நைட்ரைல் ரப்பர், முழங்கை வரை வருவது, தலைகாணி உறை அளவுக்குப் பெரிய பெட்டியாக அனுப்பியிருக்கிறேன். உனக்கு மட்டும் இல்லை, தெளிக்கிற பையன்களுக்கும் சேர்த்து. கிடை போட்டு ஆடு மேய்க்கிற கீதாரிகளுக்கும் கொடு. அவர்கள்தான் உன்னைவிட அதிகம் நனைகிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை. வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பெரியவர் பொத்தான் போடுவதைச் சொல்லு.

இன்னும் விரல் மரப்பு இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் உடனே இரண்டு வரி எழுது. மற்ற கதை மெதுவாக வரட்டும். வடிவு கல்யாண நாளுக்கு என்ன வாங்குவது என்பதையும் நீயே முடிவு செய், பாதிப் பணம் என்னுடையது.

அன்புடன்,
உன்
செல்வி