ரோஜா முத்தையாவின் தூரிகைக்கும் ஒரு கண்காட்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் நூல் சேகரிப்பாளர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவர்களில் ஒருவரான, எங்கள் காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூர் ரோஜா முத்தையா சென்னையில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்ததை அரை வரியில் சொல்லிவிட்டு, கட்டுரையாளர் நேரே நூல்களுக்குப் போய்விட்டார். காரைக்குடியில் போர்டு எழுதியே குடும்பம் நடத்தியவன் நான். அந்த அரை வரி என்னை உறுத்தியது.

சுண்ணாம்புப் பொடி தடவிய நூலைப் பலகையில் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். அதன்மேல் எழுத்துகளுக்கு இடம் பிரிப்பதில்தான் போர்டுக்காரனின் திறமை இருக்கிறது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். தும்பிக்கை வைத்த பழைய ‘லை’ ஒரே எழுத்தின் இடத்தில் அடங்கிவிடும். புதியதற்கு முன்னால் தனியாக ஒரு கொம்பு வேண்டும். மாலை, சாலை, ஆலை என்று பெயர் வைத்த கடைக்காரர் அதே பலகையில் புது எழுத்துக் கேட்டால், மற்ற எழுத்துகளை இளைக்க வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இப்படிப் பழகிய கண்ணுக்கு அச்சான தாள் எதுவும் குப்பையாகத் தெரியாது. அரிய நூல்களோடு நில்லாமல் நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் பரணில் போட்டதையும் முத்தையா சேர்த்ததற்கு இந்தக் கண்தான் காரணம் என்பது என் ஊகம். ஆராய்ச்சியாளர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும்.

1992-இல் அவர் மறைந்தபோது விட்டுச் சென்றவை நூல்களும் தாள்களுமாக ஏறக்குறைய ஒரு லட்சம். அவற்றை 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று சென்னைத் தரமணியில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் நடக்கிறது. அயல்நாட்டாரிடம் கொடுத்துவிட்டார்களே என்று இங்கே குறைபடுவோர் உண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. இங்கேயே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அறிய, எங்கள் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளை ஒருமுறை சுற்றி வந்தால் போதும். செட்டிநாட்டு வளவு வீட்டுத் தூணும் கதவும் அங்கே விலைக்கு நிற்கின்றன.

என் கோரிக்கை இதுதான். அவர் நினைவாகக் கோட்டையூரில் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். நூலகத்திலிருந்து அழைப்பிதழ்கள், நோட்டீஸ்கள், பழைய இதழ் அட்டைகள் ஆகியவற்றின் நகல்கள் வரட்டும். அவற்றுக்கு நடுவில் ஓவியர் முத்தையாவுக்கென்று ஒரு தனிச் சுவர் வேண்டும். சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் விழாவுக்காகப் பங்குனியில் தமிழன்பர்கள் எப்படியும் காரைக்குடிக்கு வருகிறார்கள். அந்த நாட்களில் வைத்தால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. தயவுசெய்து தலைவர்கள் பேசும் மேடை மட்டும் வேண்டாம். அந்த இடத்தில் ஒரு போர்டுக்காரரை உட்கார வைத்துப் பிள்ளைகள் முன்னால் எழுதச் சொல்லலாம். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பிறந்த பிள்ளைகள் பிரஷ்ஷால் ஒரு ‘ழ’ வளைவதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவர் கைப்பட எழுதிய பலகையோ வரைந்த படமோ வைத்திருக்கும் வாசகர்கள் தங்கள் இதழுக்குத் தெரிவித்தால் நல்லது. கழற்றிக் கொண்டுவர வேண்டியதில்லை, புகைப்படம் போதும். படம் எடுக்கும் முன் பளபளக்க வேண்டும் என்று மண்ணெண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள். பழைய எனாமல் துணியோடு வந்துவிடக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போர்டு ஓவியர்,
காரைக்குடி