கேம் திணறுகிறதா? கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து பார்ப்போம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

விடுமுறை விட்டதிலிருந்து கடைக்கு வரும் தம்பிகள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, கேம் ரொம்பத் திணறுது, நல்ல கிராபிக்ஸ் கார்டா ஒண்ணு குடுங்க." கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் கேபினெட்டைத் திறந்து பார்க்காமல் உங்கள் பணத்தை வாங்க எங்களுக்கு மனம் வருவதில்லை.

எங்களிடம் வருபவற்றில் பெரும்பாலானவை 2013, 2014 வாக்கில் வாங்கிய இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸரும், அதற்கான எச்81 வகை மதர்போர்டும் கொண்டவை. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் இழுக்கிறதென்றால், அநேகமாகச் சூடுதான் காரணம். 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் முழுக்கத் தூசி, அதன் கீழே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும். ப்ளோயர் அடித்து, புது பேஸ்ட் வைத்தாலே பல கம்ப்யூட்டர்கள் சரியாகிவிடுகின்றன. வீட்டில் நீங்களே ப்ளோயர் அடிப்பதானால், பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ராம். ஒற்றை 4 ஜிபி ராமோடு ஒரு ஸ்லாட் காலியாகவே கிடக்கும். ஒரே அளவில் இரண்டாகப் போட்டால் இரண்டு வழியாகவும் தரவு ஓடும். தனி கார்டு இல்லாதவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும், ஏனென்றால் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அந்த ராமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. டிடிஆர்3 வகை ராம் கேட்டு வாங்குங்கள். டிடிஆர்4 அந்த ஸ்லாட்டில் உட்காராது.

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டால் கேம் சீக்கிரம் திறக்கும், புது இடத்துக்குள் நுழையும்போது வரும் திக்கலும் குறையும். எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) ஏறும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இதற்குப் பிறகுதான் கார்டு. மதர்போர்டு ஸ்லாட் தரும் மின்சாரம் 75 வாட்தான். ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட், ஜிடிஎக்ஸ் 1650 75 வாட். 1650-இல் தனி பவர் கேபிள் கேட்காத மாடலாகப் பார்த்து வாங்கலாம். அதைவிடப் பெரிய கார்டு என்றால் கேபினெட்டோடு வந்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரம் தரும் பெட்டியை) நம்பவே கூடாது, அதையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது மதர்போர்டோடு தரவு பரிமாற நான்கு லேன்களை (பாதைகளை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு. எச்81 போர்டின் ஸ்லாட் பழைய பிசிஐஇ 2.0 வகை, ஒவ்வொரு லேனின் வேகமும் குறைவு. புது போர்டில் தரும் வேகத்தை அது இங்கே தராது.

சென்ற மாதம் ஒரு தம்பி, புதுக் கார்டு போட்டும் பலனில்லை என்று வந்தார். மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே செருகி வைத்திருந்தார். கார்டுக்கு மாற்றியதும் கேம் ஓடியது. வீட்டில் இதை முதலில் பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பிராசஸர்களில் நான்காம் தலைமுறை இல்லை. வாலரண்ட் போன்ற கேம்கள் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கின்றன. அதனால் இந்தக் கம்ப்யூட்டரில் பெரிய தொகை போட வேண்டாம். ராம், எஸ்எஸ்டி, சின்னக் கார்டு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சப் பணம் புதுசுக்கு இருக்கட்டும்.

வரும்போது கேபினெட்டை மட்டும் கொண்டுவந்தால் போதும், மானிட்டர் வேண்டாம். திறந்து பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் கிடையாது. முக்கியமான போட்டோக்களை மட்டும் முன்பே ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் கடையினர்