பிரஷர் இறங்காத என்ஜின்: ஒரு நன்றி மடல்

அன்பிற்குரிய எல்லாருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை காலை, சிங்கப்பூர் சுங்கை காடுட்டில், மாமாவின் பழைய யமஹா டிஒய் 175 மோட்டார்சைக்கிள் நாலாவது உதையில் கிளம்பியது. 11 மாத வேலை. ஆளாளுக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பினால் யாரையாவது விட்டுவிடுவேன் என்றுதான் எல்லாருக்குமாக இந்த மடல்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது வேகத்துக்கான வண்டி இல்லை. பாறையிலும் மரவேரிலும் கால் ஊன்றாமல் ஊர்ந்து ஏற வேண்டிய டிரையல்ஸ் வண்டி. கால் தரையில் பட்டால் தண்டப் புள்ளி. இங்கிலாந்து டிரையல்ஸ் வீரர் மிக் ஆண்ட்ரூஸ் 1974, 1975 இரண்டு வருடமும் ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியை யமஹாவில் ஜெயித்தாரே, அந்தக் காலத்து வரிசை. நம் வண்டிக்கு ரோடு டாக்ஸ் கிடையாது, சாலையில் இறக்க முடியாது. “அப்புறம் எதுக்கு இந்தச் செலவு?” என்று கேட்காத அத்தனை பேருக்கும் முதல் நன்றி.

மாமா, என்ஜினின் சுழல்சக்கரத்தைக் கழற்றும் ஃபிளைவீல் புல்லருக்கு நன்றி. சுங்கை ரோடு சந்தையை 2017இல் மூடுவதற்கு முன்பே அங்கே வாங்கி, என்றைக்காவது உதவும் என்று பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தீர்கள். ஸ்க்ரூடிரைவரை நுழைத்து என்ஜின் கேஸைப் பிளக்கப் போன என் கையைத் தட்டிவிட்டதற்குத் தனி நன்றி.

லேத் பட்டறை அங்கிளுக்குத் தமிழ் வாசிக்க வராது. நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். சிலிண்டரை நீட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “பிஸ்டன் மானா?” மலாயில் ‘எங்கே’ என்று அர்த்தம். பிஸ்டன் கைக்கு வராமல் போர் பண்ண, அதாவது சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்க, மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம்தான். வெளிநாட்டுக் கடை ஒன்றிலிருந்து பெட்டி வந்தது. பெட்டிமேல் 0.50 ஓவர்சைஸ், அதாவது அசல் அளவைவிட அரை மில்லிமீட்டர் பெரிசு, என்று இருந்தது. பிஸ்டன் தலையில் குத்தியிருந்த எண்ணோ 75, அதாவது 0.75. பரவாயில்லை, 75க்கே போர் பண்ணிவிடலாம் என்றேன். அவர் விரலை மடக்கிக் காட்டினார்: 25, 50, 75, 100. இந்தச் சிலிண்டருக்கு இருப்பதே நாலு ஆயுள், ஒன்றை ஏன் சும்மா தின்கிறாய் என்றார். சரியான பிஸ்டனை, மான்செஸ்டரில் படிக்கும் தம்பி காலுறைக்குள் சுற்றி எடுத்துவந்தார். பழைய டிரையல்ஸ் வண்டிகளுக்கு இங்கிலாந்தில் இன்னும் சாமான் கிடைக்கிறது. தம்பி, அந்தக் காலுறைக்குப் பதில் புதுசு வாங்கித் தருகிறேன். அங்கிள் மைக்ரோமீட்டரைப் பிடித்து, பிஸ்டனின் பாவாடையை, அதாவது கீழ்ப்பகுதியை, அளந்து, அதற்குமேல் 0.04 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் போர் பண்ணினார்.

ஜாலான் புசார் பேரிங் கடைக்காரருக்கும் நன்றி. எண்ணைச் சொன்னதும் எடுத்துக் கொடுத்துவிடாமல், “மின்விசிறிக்கா, என்ஜினுக்கா?” என்று கேட்டாரே! சூட்டில் விரிய இடம் வேண்டும் என்று உள்ளே இடைவெளி கொஞ்சம் கூடுதலான சி3 பேரிங்கைத் தேடிக் கொடுத்தார். அந்தப் பேரிங் இரண்டும் ஒரு ராத்திரி முழுக்க எங்கள் ஃப்ரீசரில் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கிடந்தன. காலையில் என்ஜின் கேஸ், கேக் சுடும் ஓவனுக்குள் போனது. சூடான கேஸுக்குள் குளிர்ந்த பேரிங் தட்டாமலே ‘டொக்’ என்று இறங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் என் மனைவி ஓவனைப் பற்றிய பேச்சை நிறுத்தினாள். அவளுக்கு என் நன்றி எவ்வளவு என்று அவளுக்கே தெரியும்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குத்தான் பெரிய நன்றி. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலும் காற்றும் என்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸ் வழியாகத்தான் போகும். அதன் இரண்டு பக்கமும் கசியாமல் அடைப்பது ரப்பர் சீல். கிளட்ச் பக்கத்து சீல் ஒழுகினால் கியர் எண்ணெயை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும்; அதையாவது கண்ணால் பார்க்கலாம். ஃபிளைவீல் பக்கம் ஒழுகினால் சத்தமில்லாமல் காற்று புகும், பெட்ரோல் குறைந்து சூடேறிப் பிஸ்டன் கவ்விக்கொள்ளும். வண்டியில் ஏற்றுமுன் காற்றடைத்துப் பார் என்றார் மாமா. அதற்கு ஏது கருவி? தாதியாக இருந்து ஓய்வுபெற்ற ஆன்ட்டி, கையால் அமுக்கும் பழைய இரத்த அழுத்தமானியைக் கொண்டுவந்தார். எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் வைத்து அடைத்து, இன்டேக்கில் குழாயைச் செருகி 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏற்றினோம். சுமார் 6 பிஎஸ்ஐ. முள் இறங்கத் தொடங்கியது. “உன் பேஷன்டுக்கு பிரஷர் நிக்கலியே பா” என்றார். சோப்பு நுரை தடவினால் ஃபிளைவீல் இருக்கும் இடது பக்க சீலின் ஓரத்தில் கடுகளவு குமிழி, ஒன்றன்பின் ஒன்றாக. புது சீல்தான், நான்தான் அதன் உதட்டை, அதாவது ரப்பர் விளிம்பை, கொஞ்சம் மடக்கி அடித்திருக்கிறேன். மாற்றியபின் பத்து நிமிடம் முள் அசையவில்லை.

ஆன்ட்டி, கருவியைத் துடைத்து வைத்திருக்கிறேன். குழாயில் எண்ணெய் வாடை போகவில்லை. புதுக் குழாய் போட்டு வெள்ளிக்கிழமை கொண்டு வருகிறேன்.

இன்னொன்று: நீலக் கைப்பிடி போட்ட டார்க் ரெஞ்ச் ஒன்று என்னிடம் இருக்கிறது. யார் கொடுத்தீர்கள் என்று நினைவில்லை, மன்னிக்கவும். உங்களுடையது என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பி என் கணக்கு.