எந்த மெஷின், ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் விழிப்புணர்வுச் சிறப்பிதழை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். சர்ஜன், கதிர்வீச்சு மருத்துவர், டயட்டீஷியன், யோகா ஆசிரியர் என எல்லோரிடமும் பேட்டி எடுத்திருக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் நடுவில், “சதைத் துணுக்கை லேபுக்கு அனுப்புவார்கள்; மெஷினில் வைத்தால் புற்றுநோயா இல்லையா என்று தெரிந்துவிடும்” என்று ஒரு வரி வருகிறது. அதைப் படித்ததிலிருந்து என் மனசு ஆறவில்லை.

எந்த மெஷின், ஐயா? 26 வருடமாக, பெத்தாலஜிஸ்ட்டாக, மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். மெஷின் இல்லாமல் இல்லை. ராத்திரி முழுக்க ஓடி, சதையில் உள்ள நீரை எடுத்து மெழுகை ஏற்றும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதற்கு முன்னால் சதை, அழுகாமல் காக்கும் பார்மலின் திரவத்தில் ஊற வேண்டும். அதைக் கையில் எடுத்து, அளந்து, அறுத்துப் பார்த்து, எங்கிருந்து துண்டு எடுப்பது என்று ஒரு ஆள் முடிவு செய்ய வேண்டும். குடல் என்றால் கொழுப்புக்குள் விரலால் தடவித் தடவி நிணநீர்க் கணுக்களைத் தேடுவோம். 12 கணுவாவது பார்க்காமல், நோய் அங்கே பரவவில்லை என்று தைரியமாக எழுத முடியாது. பிறகு டெக்னீஷியன் மெழுகு பிளாக்கை 4 மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றித் தருவார். அதற்குப் பிறகுதான் என் கண்ணுக்கு வேலை.

சில வருடங்களுக்கு முன் 31 வயதுப் பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி. மார்பில் கல் மாதிரி கட்டி, அக்குளில் நெறி. ஸ்கேன் ரிப்போர்ட்டும் புற்றுநோயைத்தான் சந்தேகப்பட்டது. வீட்டில் எல்லோரும் மார்பை எடுத்துவிடவே தயாராகிவிட்டார்கள். சேமியா போல நாலு துணுக்கு எனக்கு வந்தது. ஸ்லைடில் புற்றணு ஒன்றுகூட இல்லை. கிரானுலோமாக்கள், அதாவது உடம்பின் எதிர்ப்புச் செல்கள் திரண்ட சிறு முடிச்சுகள்; நடுவே செத்துப்போன திசு. காசநோய்க் கிருமிக்கான சாயம் போடச் சொல்லி, ஒன்றரை மணி நேரம் தேடியதில், சிவப்பு நூல் பிசிறு போல மூன்றே மூன்று கிருமிகள். உடனே சர்ஜனுக்கு போன் செய்தேன். டிபி மாத்திரையிலேயே குணமாகி, அந்தப் பெண் முழு உடம்போடு இருக்கிறாள். ஸ்வீட் பாக்ஸ் சர்ஜன் அறைக்குப் போனது. எனக்கு அதில் வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய்.

வருத்தம் என்று எடுத்தால் ஒன்றோடு நிற்பதில்லை. ஒரு சிறிய மருத்துவமனையிலிருந்து, பார்மலினுக்குப் பதில் சலைனில் போட்டு, தேன் பாட்டிலில் அடைத்து, பஸ் பார்சலில் இரண்டு நாள் கழித்து ஒரு பயாப்ஸி வந்தது. திறந்ததுமே நாற்றம். செல் எல்லாம் கரைந்துபோயிருந்தது. மறுபடி எடுக்கச் சொன்னேன். நோயாளியின் கணவர் என் அறை வாசலில் நின்று கத்தினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மறுபடி ஊசி குத்திக்கொள்ளப் போவது அவர் மனைவி. கூட வந்த படிவத்தில் பெயரும் வயதும் மட்டும். எந்த இடத்துக் கட்டி, எத்தனை நாளாக, முன்பு கீமோ எடுத்தாரா, ஒன்றும் கிடையாது. எக்ஸ்ரே இல்லாமல் எலும்புத் துண்டை அனுப்புகிறவர்களும் உண்டு. முறிந்த எலும்பு கூடுகிற இடத்துத் திசு, மைக்ரோஸ்கோப்பில் புற்று மாதிரியே ஏமாற்றும் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

உங்கள் இதழிலேயே முன்பு, ரிப்போர்ட்டுக்குப் பத்து நாள் அலைக்கழிக்கிறார்கள் என்று எழுதினீர்கள். மார்பகப் புற்றில், ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை 2+ என்று வந்தால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதன் மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். ஹெர்2-வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி நோயாளிக்குப் பலன் தருமா என்பது அதில்தான் இருக்கிறது. அவசரத்தில் கையெழுத்துப் போட்டால் யார் பதில் சொல்வது?

இன்னும் ஒன்று. பெத்தாலஜிஸ்ட் என்றால் பாதிப் பேருக்கு ரத்தம் எடுப்பவர், மீதிப் பேருக்குப் பிணம் அறுப்பவர். பிரேதப் பரிசோதனை பெரும்பாலும் தடயவியல் மருத்துவத் துறையின் வேலை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என் நாத்தனார் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் “இவ லேப்ல வேலை பாக்குறா” என்றுதான் என்னை அறிமுகம் செய்கிறார். எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே மூன்று வருடம் எம்.டி. படித்தவள் நான்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு ஓரமாகத் திருத்தம் போடுங்கள். கூடவே வாசகர்களுக்கு இரண்டு வரி: பயாப்ஸி எடுத்தால் பார்மலினில் போட்டார்களா என்று கேளுங்கள், வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் பக்கத்தில் நாலு விரற்கடை இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு நோய்க்குறியியல் மருத்துவர்,
மதுரை.