சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: புதிதாகக் குடியேறியோருக்கான பணிகள்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓராண்டில் நம் சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கும் ஒப்புதலுக்கும் வைக்கிறேன். செயற்குழுக் கூட்டங்கள் உரிய காலத்தில் நடைபெற்றன; வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகவே, புதிதாக வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு நாம் செய்த உதவியைப் பற்றியே இங்கு விரிவாகக் கூற விரும்புகிறேன்.

வந்து இறங்கியவர்களின் முதல் சிக்கல் இவ்வாண்டும் ஆவணங்களாகவே இருந்தது. வீடு வாடகைக்குத் தருபவர் வங்கிக் கணக்கைக் கேட்கிறார். வங்கியோ முகவரிச் சான்றைக் கேட்கிறது. வேலை தருபவர் இரண்டையும் கேட்கிறார். ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும் இந்தச் சான்றுகளுள் எதை முதலில் பெற முடியும் என்பதை, அண்மையில் அதே வழியைக் கடந்து வந்த ஒருவர் அருகில் அமர்ந்து எடுத்துச் சொன்னால், இழுபறியாகக் கிடக்கும் காரியம் விரைவில் முடிந்துவிடுகிறது. இப்பணியை மனமுவந்து ஏற்ற தொண்டர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டுள்ளது. ஓட்டுநர் உரிமம் பற்றியும் பலர் கேட்டனர். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என்பது சொந்த நாட்டு உரிமத்துடன் சேர்த்துக் காட்டினால் மட்டுமே செல்லும் என்பதையும், நிலையாகக் குடியேறியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் உள்ளூர் உரிமம் பெறவேண்டியிருக்கும் என்பதையும் அவர்களுக்கு விளக்கினோம்.

படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி. 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி சான்றிதழில் அப்போஸ்டில் முத்திரை பெற்றுவிட்டால் பட்டம் ஏற்கப்பட்டுவிடும் என்று நம்பி வருவோர் பலர். அம்முத்திரை, ஆவணத்திலுள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்பதற்கு மட்டுமே சான்று; பட்டத்தின் தரத்தைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை. யுனெஸ்கோ 2019இல் ஏற்றுக்கொண்டு 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த உலகளாவிய உடன்படிக்கை, அதில் இணைந்த நாடுகளில் உயர்கல்வித் தகுதியை நியாயமாக மதிப்பிடக் கோரும் உரிமையை அளிக்கிறது. எனினும் மருத்துவம், செவிலியம், பொறியியல் போன்ற துறைகளில் தொழில் செய்யும் உரிமத்தைப் பெரும்பாலும் அந்தந்தத் தொழில் மன்றமே முடிவு செய்கிறது. குடும்பச் செலவுக்காகக் கிடைத்த வேலையில் சேர்வதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் மதிப்பீட்டு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. பணியிடைவெளி நீள நீள, பழைய அனுபவத்துக்கு மதிப்புக் குறைகிறது.

வேலை பெற்றுத்தருவதாகக் கூறிக் கட்டணம் கேட்கும் முகவர்களைப் பற்றியும் முறையீடுகள் வந்தன. சில விதிவிலக்குகள் நீங்கலாக, தொழிலாளரிடம் தனியார் முகமைகள் கட்டணம் பெறலாகாது என்பதே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் எண் உடன்படிக்கையின் விதி. கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதைக் கட்டாய உழைப்பின் அடையாளங்களுள் ஒன்றாக அவ்வமைப்பு குறிப்பிடுகிறது. உறுப்பினர்கள் இவ்விரண்டையும் புதியவர்களிடம் தவறாமல் சொல்லவேண்டும்.

இறுதியாக, செயற்குழு நீண்ட நேரம் விவாதித்த பொருளுக்கு வருகிறேன். நம் உதவி பெரும்பாலும் முதல் சில மாதங்களோடு நின்றுவிடுகிறது. ஆனால் அமெரிக்காவில் தங்கிப் படித்துத் திரும்பிய நார்வே நாட்டினரை ஆராய்ந்த சுவெரே லிஸ்கார்ட், 6 முதல் 18 மாதங்கள் வரை தங்கியவர்களே மற்றவர்களைக் காட்டிலும் அந்நாட்டு வாழ்க்கையோடு குறைவாகப் பொருந்தியிருந்தனர் என்று 1955இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதே போக்கைக் காட்டவில்லை என்றாலும், நம் உறுப்பினர்கள் பகிர்ந்துகொண்ட அனுபவம் இதற்கு நெருக்கமாகவே உள்ளது. வீடும் வேலையும் அமைந்து, விசாரிக்க வருவோரும் குறைந்துபோன பிறகே தனிமை கனக்கிறது. வெளியில் வேலைக்குச் செல்லாத துணைவருக்கும் முதிய பெற்றோருக்கும் அது இன்னும் கடுமையாக இருக்கிறது.

எனவே, ஒவ்வொரு புதிய குடும்பத்துக்கும் ஒரு துணைக் குடும்பத்தை நியமித்து, 18 மாதங்கள் வரை அத்தொடர்பைப் பேணவேண்டும் என்ற தீர்மானத்தைச் செயற்குழுவின் சார்பில் முன்வைக்கிறேன். துணைக் குடும்பமாக இருக்க விரும்புவோர் இக்கூட்டத்திலேயே பெயர் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்