தீசிஸ்ல விட்டுப்போன நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போன வாரத்தோட தீசிஸுக்கான வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடிஞ்சுது. மன்னார்குடி பஸ்ஸ்டாண்டுல பாக்குறப்பெல்லாம் "என்னா பாப்பா, இன்னுமா படிக்கிற"ன்னு கேட்டவங்க இனிமே வேற கேள்வி தேடிக்கலாம். தீசிஸ்ல நன்றின்னு ஒரு பக்கம் போட்டிருக்கேன்தான், ஆனா அது இங்கிலீஷ்ல, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வெறைப்பா இருக்கு, நெஜமா கூட நின்னவங்கள்ல பாதிப் பேரு அதுல வரல, அதான் இங்க எழுதுறேன்.

மொதல்ல தலைப்பு என்னான்னு சொல்லிடுறேன், ஏன்னா வீட்டுலயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு நாடு இன்னொரு நாட்டோட கம்ப்யூட்டர்ல புகுந்து வேவு பாத்தா சர்வதேசச் சட்டப்படி அது குத்தமா இல்லையா. அம்மாகிட்ட சொன்னப்ப "அடுத்தவன் வீட்டை எட்டிப் பாத்தா தப்புதானடி, இதுக்குப் போயி ஆறு வருசமா"ன்னாங்க. அங்கதான் வேடிக்கையே. ஒவ்வொரு நாடும் தன் மண்ணுல பிடிபட்ட ஒற்றனுக்குத் தண்டனை வச்சிருக்கு, நம்மகிட்டயும் 1923லேர்ந்து அரசு ரகசியச் சட்டம் இருக்கு, ஆனா நாட்டுக்கு நாடு வேவு பாக்கக் கூடாதுன்னு பொதுவா ஒரு ஒப்பந்தமும் கெடையாது, எல்லாரும் ஆள் அனுப்புறாங்க, அடுத்தவன் அனுப்புனா மட்டும் கத்துறாங்க. போர்க்காலத்துக்குன்னு 1907 ஹேக் விதிகள் இருக்கு, அதுல ஒரு அழகான விசயம், வேவு பாத்தவன் தப்பிச்சு தன் படையோட போயி சேந்துட்டான்னா அப்பறம் பிடிபட்டாலும் பழைய வேவுக்காக அவனைத் தண்டிக்க முடியாது, சாதாப் போர்க்கைதிதான். சமாதான காலத்துக்கு அந்த அளவு கூட எழுதி வைக்கல. எஸ்டோனியா 2007ல சைபர் தாக்குதல்ல திணறுன நாடு, அதோட தலைநகர் டாலின் பேர்லயே நிபுணர்கள் சேந்து ஒரு கையேடு போட்டாங்க, 2017ல வந்த ரெண்டாவது பதிப்புல 32ஆவது விதிதான் என் தூக்கத்தைக் கெடுத்தது: சமாதான காலத்து சைபர் வேவு தன்னளவுல சட்டமீறல் இல்ல, ஆனா அதைச் செய்யுற விதம் சட்டமீறலா ஆகலாம். இந்தக் கையேடும் சட்டம் இல்ல, நிபுணர்கள் கருத்துதான்.

இங்க மேடத்துக்கு, அதாவது என் கைடுக்கு, மொத நன்றி. மூணாவது அதிகாரத்தை நாலு தடவை திருப்பி அனுப்புனாங்க. ஓரத்துல செவப்பு மையில ஒரே கேள்வி, "இது சட்டமா, உன் ஆசையா?" அப்ப அழுகையா வந்துச்சு மேடம், இப்ப யாரு பேசுனாலும் மனசுக்குள்ள அதைத்தான் கேட்டுப் பாக்குறேன். கிழக்குத் திமோர் வழக்கைப் பெருசா எழுதிக் கொண்டு போயிருந்தேன். 2004ல எண்ணெய் எரிவாயு பேச்சுவார்த்தை நேரத்துல தங்களோட மந்திரிசபை அறையை ஆஸ்திரேலியா ஒட்டுக்கேட்டுச்சுன்னு திமோர்க்காரங்க புகார், 2013 டிசம்பர்ல அவங்க வக்கீல் ஆபீஸ்லேர்ந்து ஆஸ்திரேலியா கட்டு கட்டா ஆவணத்தை எடுத்துட்டுப் போச்சு, சர்வதேச நீதிமன்றம் 2014 மார்ச்ல இடைக்கால உத்தரவு போட்டுச்சு. நான் "வேவு சட்டவிரோதம்னு ஆயிடுச்சு"ன்னு எழுதிட்டேன். மேடம் கேட்டாங்க, எங்க ஆச்சுன்னு. ஆகலதான், 2015ல திமோரே கேஸை வாபஸ் வாங்கிடுச்சு, தீர்ப்பே வரல.

அடுத்து லஸ்கர் மாமா. நன்றிப் பக்கத்துல மட்டும் இல்ல, தீசிஸ்லயே உங்க பேச்சு இருந்துச்சு மாமா, "வாய்க்கா உதாரணம் வேணாம்"னு மேடம் வெட்டிட்டாங்க. மாமா பொதுப்பணித்துறையில லஸ்கரா, அதாவது வாய்க்கா மதகைப் பாத்துக்குற ஆளா, இருந்து ரிட்டயர் ஆனவரு, நீடாமங்கலம் மூணாத்துத் தலைப்புலேர்ந்து பாமணியாத்துல வர்ற தண்ணி எந்த மதகுல எவ்வளவு ஏறும்னு காலை வச்சே சொல்லுவாரு. முறை வச்சுத் தண்ணி விடுற முறைப்பாசனம் ஓடுன ஒரு வருசம் ராத்திரியில யாரோ மதகுப் பலகையைத் தூக்கிட்டானுவ, ஊரே சண்டை, அப்ப அவரு திண்ணையில ஒக்காந்து சொன்னது இது: "டார்ச்சோட கரையில நடக்குறவனைக் கேக்க முடியாது பாப்பா, தன் வயலுக்குத் தண்ணி ஏறுதான்னு பாக்க வந்தேம்பான். பலகையில கை வச்சாத்தான் கேஸு. ஆனா ஒண்ணு, பலகையைத் தூக்குறவனும் மொத நாலு நாளு சும்மா டார்ச்சோட நடந்து பாத்துட்டுத்தான் தூக்குவான்."

என் அஞ்சாவது அதிகாரம் மொத்தமும் இதுதான். 2015 டிசம்பர் 23ல உக்ரைன்ல ஹேக்கர்கள் கைவரிசையால ஏறக்குறைய 2,25,000 இணைப்புக்குக் கரண்டு போச்சு. உள்ள புகுந்தவங்க அன்னைக்கு வரல, ஈமெயில்ல ஒரு ஃபைலை அனுப்பி மாசக்கணக்குக்கு முன்னாடியே நுழைஞ்சு பாஸ்வேர்டு எல்லாம் எடுத்துக்கிட்டு பாத்துக்கிட்டே இருந்தாங்க. அந்த மாசமெல்லாம் அது வேவா, தாக்குதலா? பாக்குறதுக்கும் தூக்குறதுக்கும் ஒரே சாவிங்கிறப்ப சட்டம் எந்த நாள்லேர்ந்து கணக்குப் போடணும்? மாமா இன்னொண்ணும் சொன்னாரு, கால்தடம் பக்கத்தூரு வரப்புல போயி முடிஞ்சா பக்கத்தூர்க்காரன் செஞ்சான்னு ஆயிடாது, ஆனா அவனுக்குத் தெரிஞ்சும் கண்ணை மூடிக்கிட்டான்னா அவனையும் கேக்கணும்னு. அல்பேனியா கடல்ல கண்ணிவெடியில பிரிட்டிஷ் கப்பல் மாட்டுன கோர்ஃபு ஜலசந்தி வழக்குல, 1949ல, அல்பேனியாவைப் பாத்து சர்வதேச நீதிமன்றம் சொன்னது கிட்டத்தட்ட இதேதான், தன் எல்லையை அடுத்த நாட்டு உரிமைக்கு எதிராத் தெரிஞ்சே பயன்படுத்த விடக்கூடாதுன்னு. இப்ப சர்வரை வச்சு இதே சண்டை நடக்குது. மாமா அந்தத் தீர்ப்பைப் படிச்சவரு இல்ல.

ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு. சைபர் பாதுகாப்புல ஆராய்ச்சி பண்றவ பென்டிரைவ்ல வைரஸ் ஏத்திக்கிட்டு வந்து நின்னேன், ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிப்போயி ரெண்டு அதிகாரத்தைக் காணோம், கறுப்பு ஸ்கிரீன்ல ஏதோ ஒரு வரி தட்டி மீட்டுக் குடுத்தீங்க, காசும் வாங்கல. நெட்டுலயே இல்லாத ஈரானோட நத்தான்ஸ் அணு ஆலைக்குள்ள ஸ்டக்ஸ்நெட்ங்கிற வைரஸ் பென்டிரைவ் வழியாப் போச்சுன்னு அப்பதான் எழுதிக்கிட்டு இருந்தேன், யாருகிட்டயும் சொல்லிக்கல. 2019ல கூடங்குளம் நிர்வாக கம்ப்யூட்டர் ஒண்ணுல மால்வேர் இருந்துச்சுன்னு அணுமின் கழகமே ஒத்துக்கிட்ட செய்தியை மொதல்ல காமிச்சதும் நீங்கதான்.

கஜா அடிச்ச 2018 நவம்பர்ல தெருவுல தென்னை எல்லாம் படுத்துக் கெடந்துச்சு, வாரக்கணக்கா கரண்டு இல்ல, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர்ல எல்லாரும் செல்போனுக்குச் சார்ஜ் போட அடிச்சுக்கிட்டப்ப "புள்ள படிக்கிற பொட்டி, மொத அதுக்குப் போடுங்கப்பா"ன்ன சித்தப்பாவுக்கு நன்றி. உதவித்தொகை மாசக்கணக்கா வராம இழுத்தடிச்ச ஆபீஸ் பேரைச் சொல்லி வாயைக் கெடுத்துக்க வேணாம். அப்ப அக்கா கழுத்துச் செயினு அடகுக்குப் போச்சு, மாமியார் கேட்டா பாலிஷுக்குக் குடுத்திருக்குன்னு ரெண்டு வருசம் சொல்லிச் சமாளிச்சிருக்கா, எந்த ஒற்றனும் அவ்வளவு நாள் தாங்கமாட்டான். மீட்டாச்சுக்கா, ஞாயித்துக்கிழமை கொண்டாறேன்.

மாமா, வெட்டுன அந்த நாலு பக்கத்தைத் தனியா பைண்டு போட்டு வச்சிருக்கேன், உங்களுக்குத்தான். மத்தவங்களுக்குத் தீசிஸ் காப்பி ஒண்ணு ஜெராக்ஸ் கடையிலயே இருக்கு, வேணுங்குறவங்க அண்ணன்கிட்ட கேட்டு வாங்கிப் படிங்க, பென்டிரைவ் மட்டும் யாரும் எடுத்துட்டுப் போகாதீங்க.