லக்ராஸ் ஆடும் பிள்ளைக்கு எந்த ஹைஸ்கூல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்கள் பலர் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்பதால் இதை உங்களுக்கு எழுதுகிறேன். ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள் லக்ராஸ் ஆடுகிற வீடுகளில் இப்போது ஒரே பேச்சுதான்: எந்தப் பிரைவேட் ஹைஸ்கூலில் சேர்த்தால் காலேஜ் டீமில் இடம் கிடைக்கும்? என் மகன் பால்டிமோர் பக்கம் ஒரு பிரைவேட் பள்ளியில் ஆடி, இப்போது ஒரு காலேஜ் டீமில் இருக்கிறான். அதனால் என்னிடமும் நிறையப் பேர் கேட்கிறார்கள். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். காலேஜ் கோச் உங்கள் பிள்ளையைப் பார்க்கப் போகும் இடம் பள்ளி மைதானம் இல்லை. அதனால் பள்ளியைப் பள்ளியாக மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்காக ஒரு வார்த்தை. முனையில் வலைப்பை கட்டிய நீளமான மட்டையால் ரப்பர் பந்தைப் பிடித்து, எறிந்து, எதிரணி கோலுக்குள் போடும் ஆட்டம் இது. ஹௌடெனோசௌனி போன்ற பூர்வகுடி மக்களிடமிருந்து வந்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆறு பேர் ஆட்டமாகத் திரும்ப வருகிறது. ஆனால் இன்று இதன் பலமெல்லாம் மேரிலாந்து, நியூயார்க்கின் லாங் ஐலண்ட், பிலடெல்பியா, நியூ இங்கிலாந்துப் பக்கம்தான், அதிலும் காசுள்ள பிரைவேட் பள்ளிகளில் அதிகம். மெக்டோனா, கால்வர்ட் ஹால், பாய்ஸ் லாட்டின், ஹேவர்ஃபோர்ட், டியர்ஃபீல்ட் என்று பெயர்களைச் சொல்லும்போதே பெற்றோர்களின் குரல் மாறிவிடும்.

சரி, பள்ளி ஆட்டத்தைக் காலேஜ் கோச்சுகள் ஏன் அதிகம் பார்ப்பதில்லை? காலண்டரைப் பாருங்கள். ஹைஸ்கூல் சீசன் வசந்த காலத்தில், காலேஜ் சீசனும் அதே வசந்த காலத்தில். பிப்ரவரியில் தொடங்கி மே மாதக் கடைசியில் இறுதிப் போட்டி முடியும் வரை அந்தக் கோச்சுகளுக்குத் தங்கள் டீமைப் பார்க்கவே நேரம் போதாது. அவர்கள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானம் மைதானமாக அலைவது ஜூன், ஜூலையிலும் நவம்பரை ஒட்டியும்தான், அப்போது நடப்பதெல்லாம் பள்ளிக்கு வெளியே பணம் கட்டிச் சேரும் கிளப் டீம்களின் போட்டிகள். பள்ளி கோச்சின் சிபாரிசு பயன்படாது என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே பயன்படும், காலேஜ் கோச் கூப்பிட்டு “பையன் எப்படி, சொன்னால் கேட்பானா, டீமில் ஒத்துப்போவானா” என்று விசாரிப்பது அவரிடம்தான். ஆனால் அதெல்லாம் பிள்ளையை ஒரு தடவை பார்த்துப் பிடித்துப்போன பிறகு நடக்கும் விசாரணை.

இன்னொன்று, அவசரப்படவே தேவையில்லை. முன்பு எட்டாவது படிக்கும் பிள்ளைகள்கூட வாய்மொழியாகக் காலேஜை உறுதி செய்துகொண்ட கூத்து நடந்தது. காலேஜ் விளையாட்டுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. 2017இல் அதை நிறுத்திவிட்டது. பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1ஆம் தேதி வரை காலேஜ் ஆட்டத்தின் மேல்தட்டான டிவிஷன் ஒன்றில் எந்தக் கோச்சும் உங்கள் பிள்ளையிடம் ரெக்ரூட்டிங் (டீமுக்கு ஆள் எடுப்பது) பற்றிப் பேச முடியாது, போன் செய்யவோ மெயில் அனுப்பவோ முடியாது. ஆகவே ஒன்பதாம் வகுப்பு அட்மிஷன் நேரத்தில் யாராவது “எங்களிடம் சேர்த்தால் அந்தக் காலேஜில் இடம் உறுதி” என்ற தொனியில் பேசினால், மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். எங்களிடமும் ஒரு பள்ளியில் அப்படிப் பேசினார்கள்.

அப்புறம் பணம். இதைத்தான் நம் ஆட்கள் சரியாகக் கணக்குப் போடுவதில்லை என்பது என் வருத்தம். தங்கிப் படிக்கும் பெரிய போர்டிங் பள்ளிகளில் ஆண்டுக்கு 70,000 டாலரைத் தாண்டிவிட்டது, நான்கு வருடத்துக்கு 2,80,000 டாலருக்கு மேல். பால்டிமோர் பக்கம் வீட்டிலிருந்து போய் வரும் பள்ளிகளில் கத்தோலிக்கப் பள்ளிகள் 20,000 டாலருக்கு மேல், மற்ற பெரிய பள்ளிகள் 40,000 டாலரை ஒட்டி. “பரவாயில்லை, ஸ்காலர்ஷிப் வந்தால் எடுத்துவிடலாம்” என்கிறார்கள். எங்கிருந்து எடுப்பது? பல வருடங்களாக டிவிஷன் ஒன்றில் ஆண்கள் டீம் ஒன்றுக்கு மொத்தமாக 12.6 முழு ஸ்காலர்ஷிப் அளவுக்கான பணம்தான் உச்சவரம்பு, அதை நாற்பத்துச் சொச்சம் பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். காலேஜ் வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட வழக்கில் 2025 ஜூனில் கோர்ட் ஒப்புக்கொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த காலேஜ்களுக்கு அந்த வரம்பு போய்விட்டது, அதற்குப் பதிலாக டீமில் இத்தனை பேர்தான் என்று வரம்பு வந்திருக்கிறது: ஆண்களுக்கு 48, பெண்களுக்கு 38. கொடுக்கலாம் என்று விதி மாறியதால் எல்லாக் காலேஜும் அள்ளிக் கொடுக்கப் போவதில்லை. ஐம்பது பேருக்கு மேல் வைத்திருந்த டீம்களில் இடம் குறைந்ததுதான் மிச்சம். டிவிஷன் ஒன்றில் ஆண்கள் லக்ராஸ் ஆடும் காலேஜ்களே எழுபதுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பெண்களுக்கு நூறைத் தாண்டும், மகள் ஆடுகிறாள் என்றால் வாசல் கொஞ்சம் அகலம்.

ஹார்வர்ட், யேல் போன்ற பெயர்பெற்ற காலேஜ்கள் சேர்ந்த ஐவி லீக்கில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையவே கிடையாது, டிவிஷன் மூன்றிலும் கிடையாது. 2025இல் டிவிஷன் ஒன்று ஆண்கள் கோப்பையை வென்ற கார்னெல் அப்படிப்பட்ட ஐவி காலேஜ்தான். அங்கே லக்ராஸ் அட்மிஷனுக்குக் கை கொடுக்கும். அதற்கும் முதலில் மார்க் வேண்டும். பதினோராம் வகுப்பு முடிந்ததும் கோச் பிள்ளையின் மார்க் பட்டியலை வாங்கி அட்மிஷன் ஆபீஸிடம் காட்டி, இவன் தேறுவானா என்று கேட்டுக்கொள்வார். அங்கே தேறவில்லை என்றால் எவ்வளவு கோல் போட்டிருந்தாலும் கதை முடிந்தது. ஆகவே அந்த மூன்று வருடமும் பிள்ளை நன்றாகப் படிக்கக்கூடிய பள்ளியாக இருக்க வேண்டும். பிரபலமான பள்ளியில் கடைசி வரிசையில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதைவிட, தன் வேகத்துக்குப் பொருந்திய பள்ளியில் முன்வரிசையில் இருப்பது நல்லது என்பது என் அழுத்தமான கருத்து.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது வார்சிட்டி என்கிற பள்ளியின் முதல் டீமை மட்டும் வேடிக்கை பார்த்துவிட்டு வராதீர்கள். பக்கத்து மைதானத்தில் ஜே.வி. என்கிற இரண்டாம் டீம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள், ஏனென்றால் உங்கள் பிள்ளை முதல் வருடமும் பெரும்பாலும் இரண்டாம் வருடமும் இருக்கப்போவது அங்கேதான். நாங்கள் போன ஒரு பள்ளியில் வார்சிட்டி ஆட்கள் கோல் அடித்துப் பழக, ஜே.வி. பையன்கள் வலைக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள், நாங்கள் இருந்த நேரம் முழுக்க அதேதான். இன்னொரு பள்ளியில், அவ்வளவு பெயர் இல்லாத பள்ளி அது, ஜே.வி. கோச் ஈரப் புல்லில் ஒற்றை முழங்காலை ஊன்றி, தரைப் பந்தை எடுக்கத் தடுமாறிய ஒரு பையன் மட்டையின் அடியைப் பிடித்திருந்த கையைப் பிடித்துத் தாழ்த்தி, “இன்னும் கீழே, புல்லில் உரசணும்” என்று திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். பையன் எடுத்த பிறகுதான் அவர் எழுந்தார். நாங்கள் அங்கேதான் சேர்த்தோம்.

கோச்சிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இருக்கிறது. “உங்கள் பிள்ளைகள் எந்தெந்தக் காலேஜுக்குப் போனார்கள்” என்று எல்லோரும் கேட்பார்கள், அவர்களும் நான்கு நட்சத்திரங்களின் பெயரைச் சொல்வார்கள். போன வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த டீம் பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கே போனார்கள் என்று கேளுங்கள், ஆட வாய்ப்பே அதிகம் கிடைக்காதவனையும் சேர்த்து. பயிற்சி நேரத்திலும் ஆட்ட நேரத்திலும் காயத்தைக் கவனிக்கும் அத்லெடிக் ட்ரெய்னர் மைதானத்திலேயே இருக்கிறாரா, தலையில் அடிபட்டால் திரும்ப ஆடலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். அந்த முடிவு கோச் கையில் இருக்கக் கூடாது. ஆட்டத்துக்காகக் கடைசி பீரியட் தவறினால் அந்தப் பாடத்தை எப்படி ஈடு செய்கிறீர்கள் என்று ஒரு கணக்கு டீச்சரிடம் கேளுங்கள், அவர் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

ஒரு வகுப்பைத் திரும்பப் படிக்க வைத்து, ஒரு வயது கூடுதலாக ஆட வைக்கும் பழக்கம் இந்த ஆட்டத்தில் சகஜம். போர்டிங் பள்ளிகளில் ரொம்பவே சகஜம். வளர்ச்சி தாமதமான, வகுப்பில் வயதில் சின்னவனான பிள்ளைக்கு அது உதவலாம், வெறும் லக்ராஸுக்காக என்றால் எனக்கு உடன்பாடில்லை. எப்படியானாலும் ஒரு விதியைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். டிவிஷன் ஒன்றுக்குத் தகுதி பெற 16 முக்கியப் பாடங்களை ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதிலிருந்து எட்டு செமஸ்டருக்குள் முடிக்க வேண்டும், அதில் 10 பாடங்கள் ஏழாவது செமஸ்டர் தொடங்குவதற்குள். பிள்ளை ஒன்பதாம் வகுப்பைத் திரும்பப் படித்தால் என்.சி.ஏ.ஏ.வின் கடிகாரம் திரும்பத் தொடங்காது, முதல் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஓடும். அதாவது புதிய பதினோராம் வகுப்பு முடிவதற்குள் பதினாறும் முடிந்திருக்க வேண்டும். பள்ளி நடத்தும் எல்லாப் பாடமும் கணக்கில் வராது என்பதால், அந்தப் பள்ளிக்கு என்.சி.ஏ.ஏ. ஒப்புக்கொண்ட பாடங்களின் பட்டியலைத் தேடி எடுத்து, கவுன்சிலரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

நம் நிறத்தில் இன்னொரு பிள்ளை டீமிலோ வகுப்பிலோ இருக்கிறதா என்று பார்ப்பதில் எந்தத் தவறும் இல்லை. இந்த ஆட்டத்தில் பல டீம்களில் உங்கள் பிள்ளை ஒருவன்தான் அப்படி இருப்பான். பஸ்ஸில் யாரோடு உட்காருகிறான், அவன் பெயரைக் கோச் சரியாகச் சொல்கிறாரா என்பதெல்லாம் பதினான்கு வயதில் பெரிய விஷயம். அட்மிஷனுக்கு முன்பு ஒரு முழு நாள் பள்ளியில் இருந்து பார்க்க அனுமதிப்பார்கள், அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஆட்டத்தைப் பற்றிக் கேட்காமல் மத்தியானச் சாப்பாட்டை யாரோடு சாப்பிட்டான் என்று கேளுங்கள்.

அரசுப் பள்ளியை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். லாங் ஐலண்டில் கார்டன் சிட்டி, மன்ஹாசெட் இரண்டும் அரசுப் பள்ளிகள்தான், பல பிரைவேட் பள்ளிகள் அவர்களோடு மோதத் தயங்கும். லக்ராஸில் இன்றும் எல்லோரும் பேசும் ஜிம் பிரவுன் அந்த மன்ஹாசெட்டில் படித்துத்தான் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நல்ல அரசுப் பள்ளி இருக்கும் ஊரில் வீடு இருந்தால், பிரைவேட் பள்ளிக் கட்டணத்தில் ஒரு சின்ன பங்கை நல்ல கிளப்புக்குச் செலவழித்துவிட்டு மிச்சத்தைக் காலேஜுக்குச் சேர்த்து வைக்கலாம்.

பிரைவேட்தான் என்று முடிவு செய்தவர்களுக்குத் தேதிகள்: பெரும்பாலான பள்ளிகளில் விண்ணப்பம் ஜனவரியில் முடியும், போர்டிங் பள்ளிகள் பலவும் மார்ச் 10 அன்று முடிவைச் சொல்லும். பண உதவிக்கான படிவத்தை அட்மிஷன் விண்ணப்பத்தோடு சேர்த்தே போடுங்கள், இடம் கிடைத்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த வருடத்துப் பணம் பெரும்பாலும் பிரித்துக் கொடுத்து முடிந்திருக்கும். இருவரும் சம்பாதிக்கிறோம், நமக்கு எங்கே தரப்போகிறார்கள் என்று படிவத்தையே தொடாமல் விடுகிற குடும்பங்கள் நம்மில் நிறைய. வீட்டில் இன்னொரு பிள்ளை காலேஜில் இருப்பதையும் பல பள்ளிகள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன, போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
மேரிலாந்திலிருந்து ஒரு வாசகி